காத்தாடிக்குத் தச்ச பாவாடை

காலை இந்தப் பக்கம் நீட்டிக்கிடுங்க அக்கா. மூட்டை இடிக்குதா? மேல வைக்க எடம் கொள்ளாது. கண்டக்டரு பின்னால டிக்கியில போடச் சொன்னாரு, நான் மாட்டேன்னுட்டேன். நசுங்கிரக் கூடாது பாத்துக்கிடுங்க, உள்ள பூரா பஞ்சு. மெத்தையான்னா கேக்கிய? மெத்த இல்ல. திண்டுக்கல்ல ஏறும்போது ஒரு ஆளு கல்யாணப் பந்தல் துணியான்னு கேட்டாரு. அதுவும் இல்ல. சொன்னா சிரிக்கக் கூடாது. இது ஒரு பாவாடை.

நீங்க சிரிக்கிய. சிரிங்க, ஊரே சிரிச்சாச்சு. காத்தாடிக்குத் தச்ச பாவாடை. புள்ளைய வெளையாடுத காத்தாடி இல்லக்கா, கரண்டு எடுக்கிற பெரிய காத்தாடி. எங்க ஊரு ஆரல்வாய்மொழி. அங்கன வீட்டுக் கதவத் தொறந்தா காத்தாடி, கண்ண மூடினா அது சத்தம். என் பேரு பகவதி. பைபாஸ் ரோட்டுல லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கடையில எனக்கு வேல. மொரட்டுத் துணி, மொரட்டு ஊசி. கல்யாணத்துக்கு முந்தியே படிச்ச தொழிலு.

எங்க வீட்டுக்காரரு காத்தாடி கழுவுத வேல. பேரு நான் சொல்ல மாட்டேன், சுசீந்திரத்துச் சாமி பேரு, கூட வேல பாக்கிறவிய தாணு தாணும்பாவ. காத்தாடிய எதுக்குக் கழுவணும்னுதானே கேக்கப் போறிய? எல்லாரும் அதத்தான் கேப்பாவ. அது அதுபாட்டுக்குச் சுத்துதுன்னு நாம நெனைக்கோம். சுத்துத சுத்துக்குப் பூச்சியெல்லாம் வந்து அடிச்சு, அந்த றெக்கையில அப்பிக் காஞ்சு கெடக்கும். புழுதி, உச்சியில இருந்து ஒழுகுத எண்ணெ, எல்லாம் சேந்து சொறி புடிச்ச மாதிரி ஆயிரும். அப்புறம் எவ்வளவு காத்தடிச்சாலும் கரண்டு கொறையும். அதனால ஆடிக் காத்து வாரதுக்கு முந்தி, பங்குனி சித்திரையில, ஒவ்வொண்ணா நிறுத்திக் கழுவணும். ஒரு றெக்கைய நேரா கீழ பாக்கத் திருப்பி, அசையாம பூட்டு போட்டுட்டு, உச்சியில இருந்து கயித்துல எறங்கி, தொங்கிக்கிட்டே சோப்புத் தண்ணி தொட்டுத் தேச்சுட்டு வரணும். அதுதான் அவிய வேல. அவியளும் ஜெபமணி அண்ணனும் ஒரு சோடி. இன்னும் நாலஞ்சு பேரு உண்டு.

கல்யாணம் ஆன புதுசுல, ஒரு நாளு வந்து ரோட்டுல நின்னு பாரு பகவதி, நான் கை காட்டுதேன்னாவ. நான் போகல. புருசன் கயித்துல தொங்குதத எவளாவது போயி வேடிக்க பாப்பாளா? அப்புறமும் கேட்டாவ. போகவே இல்ல.

மேல ஒரு சத்தமும் இல்லம்பாவ. என்ன சத்தம் இல்ல, காத்து காத அடைக்காதான்னு கேட்டா, அது வேற சத்தம்பாவ. அந்தப் பக்கம் மல, இந்தப் பக்கம் பாத்தா வெயிலுக்குக் கன்னியாமரி கடலு தகரம் கணக்கா மின்னும்பாவ. பருந்து நம்ம காலுக்குக் கீழ பறக்கும்பாவ. சாப்பிடும்போது இதத்தான் பேசுவாவ. கொழம்புல உப்பு இருக்கா இல்லையான்னு கேட்டா தெரியாது. இதெல்லாம் என்னத்துக்குச் சொல்லுதாவன்னு நானும் கொழம்ப ஊத்திட்டு உக்காந்திருப்பேன்.

ஒரு நாளு அந்தக் கயித்தக் கொண்டாந்து என் மடியில போட்டாவ. பாரு, றெக்கை முத்தம் குடுத்துருக்குன்னு சிரிச்சாவ. றெக்கைக்கு ரெண்டு ஓரம் உண்டுக்கா. காத்த வாங்குத ஓரம் தடியா உருண்டையா இருக்கும். பின் ஓரம் அருவாமண கணக்கா கூரு. அதுல ஒரசி, மேல் பின்னலு பிஞ்சு உள்ள வெள்ள தெரியுது. அவியளுக்கு அது தமாசு. நான் நூலுக்காரிலா? மேல் நூலு போச்சுன்னா உள் நூலு எவ்வளவு நேரம் நிக்கும்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பிஞ்ச எடத்த வெரலால நீவிப் பாத்தேன். ரெண்டு கயிறு போட்டிருப்பமே, ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு புடிச்சுக்கிடும்னாவ. ரெண்டு கயிறும் ஒரே றெக்கையிலதானே ஒரசுதுன்னு கேட்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொல்லிருக்காவளே, இவிய என்ன ஆனையா?

வேற வேலைக்குப் போங்கன்னேன். கடையில ஆளு வேணும், என் கூட வந்து தார்ப்பாய்க்கு வளையம் அடிங்கன்னேன். கெஞ்சினேன், சண்ட போட்டேன், சுசீந்திரத்துக்கு நேந்துக்கிட்டேன். இவிய அசையல. அப்பம்தான் எனக்கு வைராக்கியம் வந்துது. நீங்க எறங்க மாட்டிய, வேலையவே கீழ எறக்குதேன்னு நெனச்சேன்.

எப்பிடி தோணிச்சுன்னு கேளுங்க. தலகாணிக்கு உறை மாட்டிக்கிட்டு இருந்தேன். கட்டிலோரமா நின்ன எடத்துலயே நிக்கேன். உறைதான் தலகாணி மேல ஏறிப் போவுது. நான் ஏறல. அடடா, இதத்தானே காத்தாடிக்கும் செய்யணும்னு அப்பிடியே உக்காந்துட்டேன். தார்ப்பாயில நீளமா ஒரு உறை. உள்ள பூரா பஞ்சும் டர்க்கித் துணியும். றெக்கை நுனியில இருந்து மாட்டி, உச்சியில கப்பி போட்டுக் கயித்தக் கீழ விட்டு, தரையில நின்னு கெணத்துல தண்ணி எறைக்க மாதிரி இழுத்தா உறை ஏறும். ட்யூப்பு வழியா சோப்புத் தண்ணி உள்ள கசியும். ஏறும்போது ஒரு தேய்ப்பு, எறங்கும்போது ஒரு தேய்ப்பு. கப்பி போட மட்டும் ஒரு ஆளு உள் ஏணியில ஏறி எறங்கினா போதும். ஒரு மனுசனும் தொங்க வேண்டாம்.

அதோட இன்னொரு விசயம் உண்டு. கை ஆளுக்கு ஆளு மாறும்லா? எங்க வீட்டுக்காரரு தேச்ச எடம் கண்ணாடி. ஜெபமணி அண்ணன் தேச்ச எடத்துல பாதி அழுக்கு அப்பிடியே கெடக்கும். இன்னொரு மொரட்டுப் பய அழுக்கோட சேத்து பெயிண்டையும் தேச்சு எடுத்திருவான். உறைக்கு அந்தச் சீக்கு இல்ல. எல்லா எடத்துலயும் ஒரே அழுத்தம். இத நான் கம்பெனி ஆபீசுக்கே போயி சொன்னதுக்கு அப்புறம்தான் அந்த நிர்மல் சாரு, சைட்டுக்குப் பொறுப்பான என்ஜினியரு, நிமிந்து உக்காந்தாரு. தச்சுக் கொண்டாங்கம்மா, பாப்போம்னாரு.

அளவுதான் பெரும்பாடு. றெக்கை ஒரே சீரா இருக்காது பாத்துக்கிடுங்க. நுனி ஒல்லி, மேல போகப் போக அகலம், அடி திரும்பவும் ஒடுங்கி உருண்ட. கம்பெனியில ஏதோ படம் குடுத்தாவ, அது பழைய றெக்கைக்கு உள்ள படம், இங்கன இருக்கது வேற. டேப்பு புடிச்சா காத்து பறிச்சிட்டுப் போகுதாம். அப்ப இவியதான் சொன்னாவ, என் கைதான் டேப்புன்னு. கயித்துல தொங்குத எடத்துலயே றெக்கையக் கட்டிப் புடிப்பாவ. இந்தப் பக்கம் நின்னு ஒரு கட்டு, அந்தப் பக்கம் போயி ஒரு கட்டு. வீட்டுக்கு வந்து, நுனிக்கு மேல இவ்வளவு தூரத்துல முக்காக் கட்டு பகவதி, நடுவுல ஒண்ணர, அகலத்துல ரெண்டு கட்டும் ஒரு சாணும்னு சொல்லுவாவ. கட்டுன்னா எவ்வளவுன்னு எனக்குத் தெரியணும்லா? அதனால வீட்டு நடுவுல நின்னு, றெக்கையக் கட்டிப் புடிச்ச மாதிரியே கைய வளச்சு நிப்பாவ. நான் டேப்ப வச்சு இந்த வெரல் நுனியில இருந்து அந்த வெரல் நுனி வர அளப்பேன். அளவெடுக்கணும்னா அந்தக் கைக்குள்ளதானே நிக்கணும்.

நீங்க ஏன் அப்பிடி பாக்கிய? வயசு ஆச்சுக்கா எங்களுக்கு. ஆனா அந்த மாசம் நல்லா இருந்துது. அத நான் மறைக்க மாட்டேன். பொழுது அடஞ்சா ஓடி வருவாவ. வந்ததும் கைய வளச்சுட்டு நிப்பாவ. சில நாளு, இந்தக் கட்டு சரியா இல்ல, திரும்ப அளன்னுவாவ. நான் திரும்ப அளப்பேன். அவிய மேல சோப்பு வாசனையும் வெயில் வாசனையும் அடிக்கும். மேல உள்ள கத பூரா அப்பம் சொன்னாவ, நானும் கேட்டேன். அளவுக்காகத்தான் கேட்டேன், இருந்தாலும் கேட்டம்லா.

மொத உறை தச்சு மாட்டின அன்னைக்கு, பாதி ஏறினதும் காத்து உள்ள பூந்து, கப்பல் பாயி கணக்கா உப்பி, றெக்கையப் புடுங்கப் பாத்திருக்கு. நான் போகல, கடையில இருந்தேன். இவிய போன் போட்டு, பகவதி, ஒன் பாவாடை பறந்துட்டுன்னு ஒரே சிரிப்பு. அந்தப் பேரு அவிய வச்சதுதான். பொறவு நான் யோசிச்சேன். ரோட்டோரம் பிளக்ஸ் பேனர் கட்டுதாவல்லா, அதுல அங்கங்க அரவட்டமா கீறி விட்டிருப்பாவ, பாத்திருக்கியளா? காத்து போகதுக்குத்தான். அது மாதிரி உறை முழுக்கக் கீறி, கீறுன வாய மடிச்சுத் தச்சேன். அடுத்த தடவ அகலமான எடத்துல போயி சிக்கிட்டு. அதுக்கு ரெண்டு பக்கமும் சுருக்கு வச்சு, எலாஸ்டிக் போட்டு, விரிஞ்சு ஒடுங்குத மாதிரி ஆக்கினேன். கூரான ஓரம் பஞ்ச வெட்டிப் போட்டுது. அந்த எடத்துக்கு லாரி பெல்ட்டு துணிய நாலு மடிப்பா வச்சேன். ஊசி எத்தன ஒடஞ்சுதுன்னு கணக்கே இல்ல.

சரியா ஏறுன அன்னைக்குத்தான் நான் போனேன். நிர்மல் சாரு ஜீப்பு அனுப்பினாரு. கல்யாணப் பொண்ணு கணக்கா போயி எறங்கினேன். உறை ஏறுது ஏறுது, உச்சி வர போவுது, திரும்ப எறங்குது, எறங்கின எடமெல்லாம் பளிச்சுன்னு வெள்ள. எல்லாரும் கை தட்டினாவ. எனக்கு அழுகையே வந்துட்டு. நான் இவியளத் தேடுதேன். கயித்துப் பக்கத்துல நிக்காவ. எல்லாரும் உறையப் பாக்காவ, இவிய மட்டும் அந்த உச்சியப் பாத்துக்கிட்டே நிக்காவ. கழுத்து வலிக்கப் போவுதுன்னு நான் சொன்னேன். ம்னாவ.

கம்பெனி அவியளக் கைவிடல. தரையில நின்னு கயிறு இழுக்க ஆளுகளுக்கு மேஸ்திரி ஆக்கினாவ. ஒரு மஞ்சத் தொப்பி, கழுத்துல ஒரு விசில். ரெண்டு ஊதினா இழுக்கணும், ஒண்ணு ஊதினா நிறுத்தணும். எனக்குப் பெரும. பால்பாயசம் வச்சேன். தொப்பியப் போட்டு ஒரு போட்டோ எடுத்துக்கிடுங்கன்னேன். அப்புறம்னாவ. இன்னைக்கு வரைக்கும் எடுக்கல.

கயித்துல தொங்கின மத்த ஆளுகளுக்கு வேல இல்லன்னுட்டாவ. அதுக்கு நான் என்ன செய்ய? ஜெபமணி அண்ணன் மீன் வண்டியில லோடு ஏத்தப் போனாரு. அவரு பொண்டாட்டி தண்ணி புடிக்க எடத்துல வச்சு எல்லாரு முன்னாலயும் கேட்டா: ஒன் புருசன எறக்கணும்னா நீ கையப் புடிச்சு எறக்கியிருக்கணும், எங்க வீட்டு ஆளையும் ஏன் எறக்குன? நானும் விடல. ஒன் தாலிக்கும் சேத்துத்தானே தச்சேன்னு கேட்டேன். மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிட்டா. நல்லதுக்குக் காலமில்ல. அவளுக்குப் பொறாம, வேற என்ன. போற வார பயலுவ எல்லாம், ஏ தாணு, ஒம் பொண்டாட்டி தச்ச பாவாடையப் புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கியாமேன்னு கேலி பேசுவானுவ. மொத மொத இவியளும் சிரிச்சாவ. பொறவு சிரிக்கல.

எனக்கு நிம்மதி. மத்தியானம் போன் அடிச்சா திக்குங்காது. ஆம்புலன்சு சத்தம் கேட்டா ஓடிப் போயி ரோட்டுல நிக்க மாட்டேன். இதுக்குத்தானே இத்தன பாடும். ஆனா மனுசன் பேச்சு நின்னு போச்சு. சாப்பாட்டுல உப்பு கூடிருக்குன்னு சொன்னாவ, கொறஞ்சிருக்குன்னு சொன்னாவ. இதெல்லாம் முன்ன சொன்னதே கெடையாது. நான் நல்லதுன்னு நெனச்சேன், இப்பவாவது நாக்குக்கு ருசி தெரியுதேன்னு.

பக்கத்து வீட்டு மாடியில தண்ணித் தொட்டி கழுவணும்னா இவிய போயி நிப்பாவ. சர்ச்சு கோபுரத்துல பல்பு மாட்டணும்னா இவிய. கூப்பிடக் கூட வேண்டாம். பெல்ட்டு இல்லாம கயிறு இல்லாம ஏறி, வேல முடிஞ்ச பொறவும் எறங்காம உக்காந்திருப்பாவ. நான் கீழ நின்னு கத்துவேன். தெருவே பாக்கும். எறங்கி வந்து தொப்பிய எடுத்து ஆணியில மாட்டிட்டுப் படுத்துக்கிடுவாவ.

ஒரு நாளு நான் வீட்டு மிசின்ல உக்காந்து தச்சுக்கிட்டு இருக்கேன். வேலையில இருந்து வந்தாவ. வாசப்படிக்கு உள்ள நின்னு, கைய ரெண்டையும் வளச்சு வச்சுக்கிட்டு நின்னாவ. அந்தக் கட்டு கணக்கா. அளவெடுக்கலையா பகவதின்னு கேட்டாவ. அளவெல்லாம்தான் எப்பமோ முடிஞ்சுட்டே, கை கால் கழுவிட்டுச் சாப்பிடுங்கன்னேன். நான் என்ன தப்பாவா சொன்னேன்? மாவு வேற பொங்கிட்டு இருந்துது. பொறவு கையத் தொங்கப் போட்டுட்டுக் கொல்லைக்குப் போயிட்டாவ. எதுக்குக் கேட்டாவளோ.

அடுத்த வாரமே கெளம்பிட்டாவ. பரணுல கெடந்த கயித்தையும் பெல்ட்டையும் எடுத்து வெயிலுல காய வச்சாவ, விக்கப் போறாவன்னு நெனச்சேன். உடுமலைப் பக்கம் பெரிய பெரிய காத்தாடி, அங்கன இன்னும் கயித்து வேலதான், கூப்பிடுதாவன்னு சொன்னாவ. வெண்ணெ தெரண்டு வரும்போது தாழி ஒடஞ்ச கத ஆயிட்டு. நான் கால்ல விழாத கொற. ஒண்ணு கேட்டாவக்கா. மேல நிக்கும்போது நான் உன்ன நெனப்பேன் பகவதி, கீழ நிக்கும்போது எனக்கு ஒண்ணுமே நெனப்பு வரல, அதுக்கு என்ன செய்யச் சொல்லுதன்னு கேட்டாவ. இது ஒரு பேச்சா? பொண்டாட்டி பக்கத்துல இருக்கும்போது நெனப்பு எதுக்கு? நீங்களே சொல்லுங்க.

போயி அஞ்சாறு மாசம் ஆச்சு. போன் பண்ணுவாவ. அது ஒரு வேடிக்க. சாயங்காலம் ரூம்ல இருந்து பண்ணினா, சாப்பிட்டியா, சாப்பிட்டேன், சரி வைக்கேன். அவ்வளவுதான். மத்தியானம் பண்ணினா அர மணி நேரம் பேசுவாவ. காதுல அந்த வயர மாட்டிக்கிட்டு உச்சியில இருந்து பேசுதாவ. காத்து சத்தத்துல பாதி எனக்குக் கேக்காது. கீழ எறங்கிப் பேசுங்களேன்னா, மேலதான் டவரு கெடைக்குதுன்னுவாவ. டவரு அங்கன அப்பிடி போல. மயிலு, மழை வாரது, ஆழியாறு தண்ணி, ஒண்ணு விடாம சொல்லுவாவ. நடு நடுவுல சிரிப்பாவ. எனக்கு அந்தச் சிரிப்பக் கேட்டா நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கும். இந்த மனுசன் இப்ப எதுல தொங்கிக்கிட்டுச் சிரிக்காவன்னு நெனச்சுப் பாருங்க.

அந்தக் கயிறுதான் கனவுல வருது. பிஞ்ச நூலும் உள்ள வெள்ளையும். நான் ஊசியில நூலக் கோத்துக்கிட்டு ஓடுதேன், எட்ட மாட்டேங்குது.

பொறவுதான் கேட்டேன். மத்தியானப் போன்ல, சும்மா கேக்க மாதிரி, அங்கன றெக்கை எத்தன கட்டு வரும்னு கேட்டேன். நெசமாவா கேக்குதன்னாவ. ஆமா, சொல்லுங்கன்னேன். அக்கா, அந்தச் சந்தோசத்த நான் என்னன்னு சொல்ல. அங்கனயே கட்டிப் புடிச்சுச் சொன்னாவ. மூணு கட்டு பகவதி, நம்ம ஊரு றெக்கையெல்லாம் இதுக்கு முன்னால குழந்தைன்னாவ. அடுத்த நாளு அவியளே போன் போட்டு, இன்னும் கொஞ்சம் கீழ வந்திருக்கேன், இங்கன ரெண்டே முக்கான்னாவ. தெனமும் ஒரு கட்டு. நான் ம், ம்னு கேட்டுக்கிட்டே சாக்பீசால துணியில குறிச்சுக்கிட்டேன். கட்டுக்கு உள்ள நீளம் எனக்கு மனப்பாடம். அவிய கை நீளம் எனக்கு மறக்குமா?

அதான் இந்த மூட்ட. புது உறை. நிர்மல் சாரு கிட்ட நம்பர் வாங்கி, உடுமலை கம்பெனி மேனேஜரு கிட்ட நானே பேசினேன். கொண்டாந்து மாட்டிக் காட்டுங்கம்மா, சரியா இருந்தா இந்த வருசத்தோட கயித்து வேலைய நிறுத்திருவோம்னாரு. இவியளுக்குத் தெரியாது. சொல்லல. நேர்ல போயி நிக்கலாம்னு.

இருங்க, போன் அடிக்குது. அவியதான். மணியப் பாருங்க, மத்தியானம்லா.

ஆங், சொல்லுங்க. கடையிலதான் இருக்கேன். இது மிசின் சத்தம். இல்ல, ரோட்டுல பஸ் போவுது. சாப்பிட்டேன். நீங்க? மேலயா? காத்து எப்பிடி? ம். ம். ரோடு தெரியுதா? பஸ்ஸா? ம், தீப்பெட்டி கணக்காத்தான் இருக்கும். நானா? நான் எப்பிடிங்க ஏற முடியும்? தல சுத்தும். ஏணி உள்ளயா? நீங்க பின்னாலயே வருவியளா? சரி. சரிங்க. வாறேன். ஒரு நாளு வாறேன். நெசமாத்தான். பாத்து எறங்குங்க. வைக்கேன்.

ஒண்ணும் இல்லக்கா. கண்ணுல தூசி. இந்தப் பக்கம் காத்து ஜாஸ்தி.

என்ன சொன்னாவன்னா, ரோட்டுல ஒரு பஸ் போவுது, தீப்பெட்டி கணக்கா இருக்கு, உள்ள யாரெல்லாம் எங்கெங்க போறாவளோன்னாவ. எத்தனையோ பஸ் போவும், இந்த பஸ்ஸாத்தான் இருக்கணும்னு இல்ல. பொறவு, ஒரு தடவ நீ வா பகவதி, உச்சியில கம்பி வேலி போட்ட எடம் இருக்கு, பயம் இல்ல, உள் ஏணியில நான் பின்னாலயே வாறேன், ஒரே ஒரு தடவ வந்து பாருன்னாவ. கட்டு எத்தனன்னு நீ கேட்டதுல இருந்து உன்னக் கூட்டிட்டு வரணும்னே இருக்குன்னாவ.

அங்கன பாருங்கக்கா. அந்த வேப்பமரத்துக்குப் பின்னால, எல்லாம் சுத்துது, ஒண்ணு மட்டும் சுத்தாம நிக்குதுல்லா? றெக்கை நேரா கீழ பாத்து. நடுவுல ஒரு சின்னப் புள்ளி. தெரியுதா? எனக்குத் தெரியுது. அவியளா, வேற ஆளான்னு இங்கன இருந்து எப்பிடி சொல்ல. காலால ஒரு தள்ளு தள்ளி வெளிய போறாவ பாருங்க. திரும்ப வந்து அணையுதாவ. இன்னொரு தள்ளு. அவியதான். பாயில புரண்டு படுக்கதக் கூட அப்பிடித்தான் படுப்பாவ.

அழகாத்தான் இருக்கு. இத்தன வருசத்துல நான் ஒரு தடவ கூடப் பாக்கல. இவ்வளவு அழகா இருக்கும்னு எனக்கு யாரும் சொல்லல. சொன்னாவ, அவிய சொல்லிக்கிட்டேதான் இருந்தாவ.

வேண்டாம்க்கா, அப்பிடிப் பாக்காதிய. எனக்கும் தெரியும். இந்த மூட்டையப் பாத்த ஒடனே அந்த மூஞ்சி எப்பிடி ஆகும்னு எனக்குத் தெரியாதா? தெனம் ஒரு கட்டா எதுக்குக் கேட்டேன்னு அப்பம் வெளங்கிரும். அதுக்கப்புறம் என்கிட்ட பேசுவாவளோ மாட்டாவளோ. தொப்பிய ஆணியில மாட்டிட்டு, செவத்தப் பாத்துப் படுத்துக்கிடட்டும். உப்பு இல்லன்னு தட்டத் தள்ளட்டும். பேசாத புருசனுக்குச் சோறு போட எனக்குத் தெரியும். விழுந்த புருசனுக்கு நான் எங்கன போயி சோறு போட?

ஸ்டாப்பு வந்துட்டு. அந்தப் பக்கம் ஒரு கை புடிங்கக்கா. மெல்ல. கனமாத்தான் இருக்கும், ஒரு ஆளு எட கிட்ட வரும்.